ஒரு சிறுகதையை எப்படிப் படிப்பது, எப்படி ஆராய்வது, எப்படி எழுதுவது? மாணவர்களுக்கான முழு வழிகாட்டி

பள்ளியிலும் கல்லூரியிலும் சிறுகதை நமக்குப் பாடமாகத்தான் அறிமுகமாகிறது. ஆசிரியர் குறிப்பு, கதைச் சுருக்கம், கதைமாந்தர், கதை உணர்த்தும் கருத்து என்று நாலு தலைப்பில் எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். அப்படிப் படித்துத் தேறியவர்களில் பலர் தேர்வுக்குப் பிறகு ஒரு கதையைக்கூடத் தொடுவதில்லை. அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேல் இவ்வளவு வளமாக எழுதப்பட்டிருக்கும் தமிழ்ச் சிறுகதை, படிக்கத் தொடங்கும் வயதிலேயே கைவிட்டுப் போகிறது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எண்ணத்தின் மேல் நிற்கிறது. எழுதியவர் வரிக்கு வரி எடுத்த முடிவுகளால் ஆனதுதான் கதை. யார் வாயால் சொல்வது, எந்த இடத்தில் தொடங்குவது, எதைச் சொல்லாமல் விடுவது என்று ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து யோசித்துத் தீர்மானித்திருக்கிறார். அந்த முடிவுகளைக் கண்டுபிடிக்கப் பழகினால் ஆய்வுக் கட்டுரை தானாக வரும். அதே பழக்கம்தான் சொந்தக் கதை எழுதவும் கைகொடுக்கும்.

கதையைத் தேடி எடுப்பது

சென்னையில் இருப்பவர்களுக்குப் புத்தகம் கிடைக்கவில்லை என்ற குறை இருக்கவே கூடாது. எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. பழைய சிறுகதைத் தொகுப்புகளுக்கு முதலில் அங்கே போய்ப் பாருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் உண்டு. வீட்டில் அமைதி கிடைக்காதவர்களுக்கு அது பெரிய உதவி. ஒரு கதை முதலில் எந்தப் பத்திரிகையில், எந்தப் படத்தோடு, எந்த விளம்பரத்துக்குப் பக்கத்தில் வந்தது என்று பார்க்க ஆசையா? பழைய இதழ்களைப் பாதுகாக்கும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகலாம். காசு கொடுத்து வாங்குவதென்றால் ஜனவரியில் நடக்கும் புத்தகக் காட்சி, மற்ற மாதங்களில் திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகள். நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களின் கதைகள் மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தொடக்கத்தில் முழுத் தொகுப்பையும் படித்து முடிக்க நினைக்க வேண்டாம். ஒரு கதை போதும். இங்கே நான் எடுத்துக்கொள்வது புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. அவர் 1948-இல் இறந்தார். இந்தக் கதை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு எழுதியது. கதை நடப்பது நம் ஊரில் என்பது கூடுதல் வசதி.

முதல் வாசிப்பு

பென்சில் வேண்டாம், குறிப்பு நோட்டு வேண்டாம், போனைப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள். ஒரே உட்காரலில் படிக்க வேண்டும். சிறுகதையின் அளவே அதற்காகத்தான். பாதியை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் படித்தால் எழுதியவர் கட்டிய வேகம் கெட்டுப் போகும்.

முடித்த கையோடு, யாரிடமும் பேசுவதற்கு முன், மூன்று வரி எழுதிவையுங்கள்: எங்கே சிரித்தேன் அல்லது கலங்கினேன், எங்கே சலிப்புத் தட்டியது, எது புரியவில்லை. சலிப்பையும் மறைக்காமல் எழுதுங்கள். பெரிய எழுத்தாளர் என்பதற்காகப் பிடித்த மாதிரி நடிப்பது வாசிப்புக்கு நல்லதில்லை. இந்த மூன்று வரியிலிருந்துதான் பின்னால் ஆய்வு தொடங்கும்.

யூடியூபில் கதை சொல்லும் காணொளிகளை இதற்குப் பிறகு கேளுங்கள். முதலில் கேட்டுவிட்டால் வேறொருவரின் கதைதான் உங்கள் மனதில் பதியும்.

இரண்டாம் வாசிப்பு: முதல் பத்தியில் தங்குவது

மறுநாள் பென்சிலோடு உட்காருங்கள். முதல் பத்தியை அப்படியே கையால் நோட்டில் எடுத்து எழுதுங்கள். கண் தாண்டிப் போகும் சொல்லைக் கை தாண்டாது. பல மாணவர்கள் இதை வேண்டாத வேலை என்று தவிர்க்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள பயிற்சி இல்லை.

புதுமைப்பித்தனின் கதை எப்படித் தொடங்குகிறது? தகப்பனார் பெயர், ஊர், தலைப்பெழுத்துகள் எல்லாம் சேர்ந்த நீளமான ஒரு பெயர் முதலில் வருகிறது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் ஓரமாக நின்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். எதைப் பற்றி? வீடு திரும்ப டிராமா, பஸ்ஸா, மிச்சமாகும் காசில் வெற்றிலையா, அரைக் கோப்பை காப்பியா என்று. பெயர் பெரிது, பை சிறிது. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. இப்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதுங்கள்: இது ஏன் இங்கே இருக்கிறது?

காசுக் கணக்கு ஏன் முதலிலேயே வருகிறது? கடவுளின் வருகையைத்தானே கதையின் பெரிய நிகழ்ச்சியாக நினைக்கிறோம்? அவரை முதல் வரியிலேயே இறக்கியிருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலை இருக்கும் ஓர் ஊரை முதலில் நமக்குக் காட்டிவிட்டு, அப்புறம்தான் புதுமைப்பித்தன் கடவுளை அதற்குள் கொண்டுவருகிறார். அவரும் ஒளிவட்டத்தோடு வரவில்லை. திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கும் ஒரு ஆளாகத்தான் வருகிறார்.

முடிந்தால் அந்த இடத்துக்கே போய் நின்று பாருங்கள். பிராட்வே இன்றைக்குப் பிரகாசம் சாலை. உயர் நீதிமன்றப் பக்கம் இறங்கி நடந்தால் வந்துவிடும். டிராம் 1953-இலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து திருவல்லிக்கேணிக்கு இருக்கும் தூரத்தைக் கால்களால் உணர்ந்தவர்களுக்குக் கந்தசாமிப் பிள்ளையின் யோசனை வெறும் வேடிக்கையாகத் தெரியாது.

முடிவுகளைப் பெயர் சொல்லிப் பிரிப்பது

இனி ஆராய்ச்சி. பாடப்புத்தகம் கரு, களம், பாத்திரம், உத்தி என்று பிரிக்கும். அந்தச் சொற்களைத் தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதையைத் திறக்க எனக்கு உதவுவது, எழுதியவர் வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்ற கேள்விதான். மாற்று வழியைக் கற்பனை செய்து பார்த்தால்தான் அவர் எடுத்த வழியின் பலன் தெரியும்.

முதலில் யார் சொல்கிறார் என்று பாருங்கள். வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915-இல் வந்தது. ருக்மிணி என்ற பெண்ணின் கதையை அதில் ஒரு மரம் சொல்கிறது. அழகான கற்பனை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மரத்தால் நகர முடியாது. குளக்கரையில் கண்டதும் காதில் விழுந்ததும்தான் அதற்குத் தெரியும். ருக்மிணியின் வீட்டுக்குள் நடப்பது நமக்கும் நேரடியாகத் தெரிவதில்லை, ஊர்ப் பேச்சாகத்தான் வந்து சேர்கிறது. அந்தத் தூரம்தான் கதையின் துக்கத்தைக் கூட்டுகிறது. மாமியாரோ கணவனோ சொல்லியிருந்தால் இது வேறு கதை.

அடுத்து, கதைக்கு வெளியே இருந்து உள்ளே வந்திருப்பது எது என்று பாருங்கள். அதே கதையில் ருக்மிணியின் குடும்பம் நொடித்துப்போவதற்கு அர்பத்நாட் கம்பெனி முழுகியது காரணமாகிறது. அது கற்பனைக் கம்பெனி இல்லை. சென்னையில் பெரிய வங்கி நிறுவனமாக இருந்து 1906-இல் திவாலானது, போட்டிருந்த பலரின் சேமிப்பு அதோடு போனது. 1915-இல் கதையைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயரே போதும், விளக்கம் தேவைப்பட்டிருக்காது. நமக்குத் தேவைப்படுகிறது. புரியாத ஊர்ப் பெயர், கம்பெனிப் பெயர், காசுப் பெயர் எதையும் தாண்டிப் போகாமல் தேடிப் பார்ப்பதும் ஆய்வின் பகுதிதான்.

பொருள்களையும் கவனியுங்கள். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் பிள்ளைகள் ஏறி ஆடி விளையாடும் கதவு, தீர்வை பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகப்படுகிறது. வறுமை என்ற சொல்லைத் தேடிக்கொண்டு நீங்கள் அங்கே போக வேண்டாம். கதவு இல்லாத வீட்டில் குளிர்காற்று என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள்.

இப்போது கதை முடியும் விதத்துக்கு வருவோம். ஒரு கதையின் முடிவு எவ்வளவு தூரத்துக்கு எல்லாவற்றையும் மாற்றும் என்று பார்க்கத் தமிழில் ஒரு அரிய வாய்ப்பு இருக்கிறது. ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண் ஒரு காரில் ஏறுகிறாள். நடந்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். விஷயம் அந்த வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பெரிய விவாதம் எழுந்தது. பிறகு அதே நிகழ்ச்சியிலிருந்து அவர் ஒரு நாவலைத் தொடங்கினார். அதில் அம்மா கூச்சல் போட்டுவிடுகிறாள், ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் வேறு பக்கம் போகிறது. அதுதான் 1972-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. மழை அதே, கார் அதே, பெண் அதே. அம்மாவின் நடத்தை ஒன்றுதான் மாறியது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். எழுதுபவர் எடுக்கும் முடிவு என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் விளக்க முடியாது.

ஆய்வுக் கட்டுரையாக எழுதுவது

மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி வரும் வாக்கியம் இது: “இக்கதையில் ஆசிரியர் கடவுள் பூமிக்கு வருவதை மிக அழகாகவும் நகைச்சுவையுடனும் சித்தரித்துள்ளார்.” தவறு என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கதையைப் படிக்காதவர்கூட இதை எழுதிவிடலாம். அதுதான் இதன் குறை.

மேலே பார்த்த காசுக் கணக்கை எடுத்துக்கொண்டு எழுதினால் இப்படி வரும்:

“கடவுள் வருவதற்கு முன்பே கந்தசாமிப் பிள்ளை கைக்காசை எண்ணி முடித்துவிடுகிறார். டிராம், வெற்றிலை, காப்பி என ஒவ்வொன்றுக்கும் விலை இருக்கும் நகரத்துக்குள்தான் கடவுள் நுழைகிறார். பின்னால் அவர் காப்பிக்குப் பணம் கொடுப்பதும் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுவதும் இதன் தொடர்ச்சி. கொடுப்பவராக இருக்கும்வரை அவருக்கு இங்கே இடம் உண்டு. தம் கலையை நம்பிப் பிழைக்க நினைத்து ஆடிக் காட்டும்போது மட்டும் அதற்கு விலை கிடைப்பதில்லை.”

இதில் ஒரு கருத்து இருக்கிறது. அதற்குக் கதையிலிருந்தே மூன்று சான்றுகள் இருக்கின்றன. நீங்கள் இதை மறுக்கலாம், இல்லை, இந்தக் கதை பக்தியைப் பற்றியது என்று வாதாடலாம். மறுக்க இடம் கொடுக்கும் கருத்துதான் ஆய்வுக்கு உகந்தது. எல்லோரும் தலையாட்டும் கருத்தை வைத்து நாலு பக்கம் எழுத முடியாது.

கதைச் சுருக்கத்தை ஐந்து வரிக்கு மேல் நீட்டாதீர்கள். திருத்துபவர் கதையைப் படித்தவர்தான். எழுத்தாளரின் பிறந்த ஊர், பெற்றோர், பெற்ற விருதுகள் எல்லாம் கேள்வியில் கேட்டிருந்தால் மட்டும். மேற்கோள் காட்டினால் அதற்கடுத்த வரியில் அது எதைக் காட்டுகிறது என்று சொல்லுங்கள். சொல்ல எதுவும் இல்லையென்றால் அந்த மேற்கோள் அங்கே வேண்டாம்.

சொந்தக் கதை: விதை எடுப்பது

சரி, இனி எழுதுவோம். முதல் கதைக்கு ஒரு நாளுக்குள் நடப்பது, இரண்டு மூன்று ஆட்கள், ஆயிரத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு சொல் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு முதல் இறப்பு வரை சொல்ல ஆசை வரும், அதற்கு நாவல் இருக்கிறது.

விதைக்குத் தூரம் போக வேண்டாம். தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் எதிரில் உட்காருகிறவர்கள், தெருமுனை டீக்கடை, வீட்டுச் சொந்தக்காரர் வாடகை கேட்கும் தொனி, எல்லாம் இருக்கின்றன. ஒரு பாக்கெட் நோட்டு வைத்துக்கொண்டு கேட்ட ஒரு வாக்கியம், பார்த்த ஒரு செயல் என்று குறியுங்கள். ‘சோகமான பாட்டி’ என்று குறித்தால் பின்னால் உதவாது. ‘பாட்டி சில்லறையை இரண்டு தடவை எண்ணிவிட்டுக் கண்டக்டரிடம் கொடுத்தாள்’ என்றால் உதவும்.

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோவோம். அடுக்குமாடி வீடுகளுக்கு எதிரே மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி. அம்மா தேய்க்கிறாள், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் சாயங்காலங்களில் துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். மூன்றாம் மாடிக்காரரின் சட்டைப் பையில் ஒரு தாள் மடித்தபடி கிடக்கிறது. மருத்துவப் பரிசோதனை முடிவு, ஆங்கிலத்தில்.

பையில் ஐந்நூறு ரூபாய் இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அதை ஒதுக்குங்கள். ஏழைகள் நேர்மையானவர்கள் என்று நிரூபிக்கும் கதை, அவர்களைச் சந்தேகிப்பதிலிருந்துதான் தொடங்குகிறது. தாள் என்றால் அது வேறு. அதைப் படிக்க ஒருத்தியால்தான் முடியும், படித்த பிறகு அவள் ஏதாவது செய்தாக வேண்டும்.

யார் சொல்வது?

அம்மா சொன்னால், தாளில் என்ன இருக்கிறது என்பது நமக்கும் தெரியாது. மகள் சொல்வதை நம்ப வேண்டியதுதான். மூன்றாம் மாடிக்காரர் சொன்னால், தாள் காணவில்லை என்று அவர் வீடு முழுக்கத் தேடுவதுதான் கதை. மகள் சொன்னால்? அவள் படிக்கிறாள், புரிந்துகொள்கிறாள், அம்மாவிடம் பொய் சொல்கிறாள். யாருக்கு மறைக்க வேண்டியது இருக்கிறதோ அவர் பக்கம் போவது பெரும்பாலும் பலன் தரும். நான் மகளைத் தேர்ந்தெடுப்பேன்.

முதல் வரைவு

நிறுத்தாமல், திருத்தாமல் எழுதி முடியுங்கள். மோசமாக இருந்தாலும் சரி. தொடக்கம் அனேகமாக இப்படி வந்திருக்கும்:

“வறுமையில் வாடும் குடும்பத்தில் பிறந்த செல்வி மிகவும் நல்ல பெண். அவளுடைய அம்மா இரவு பகலாக உழைத்து அவளைப் படிக்க வைத்தாள். அன்று அவளுக்கு ஒரு பேரதிர்ச்சி காத்திருந்தது.”

செல்வி நல்லவள் என்பதை நாம் தீர்ப்பாகக் கேட்கிறோம், பார்க்கவில்லை. அதிர்ச்சி வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்தாகிவிட்டது. அதையே தாள் கிடைக்கும் நிமிடத்தில் தொடங்கினால்:

“வெள்ளைச் சட்டையின் பையில் ஏதோ தடுத்தது. அம்மா பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு விரலை விட்டு எடுத்தாள். நாலாக மடித்த தாள்.

‘இன்னா போட்டுக்குது பாரு’ என்று என்னிடம் நீட்டினாள்.

படித்தேன். இரண்டாவது தடவையும் படித்தேன்.

‘கரண்ட் பில்லுமா.’

‘பில்லா? அதுக்கு இன்னாத்துக்கு இம்மாந்நேரம் படிக்கிற?’”

நோயின் பெயர் வரவில்லை. மகள் எதற்காக மறைத்தாள் என்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது தடவை படித்தாள் என்ற ஒரு செய்தியும், அம்மாவின் கேள்வியும் சேர்ந்து வேலையைச் செய்கின்றன.

பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னைப் பேச்சைச் சினிமாவில் சிரிப்புக்காகவே பயன்படுத்திப் பழக்கிவிட்டார்கள். மாணவர் கதைகளிலும் அது வந்தாலே ஆள் கோமாளியாகவோ ரௌடியாகவோ இருக்கிறார். அந்தப் பேச்சில்தான் இந்த ஊரில் லட்சக்கணக்கானோர் பிள்ளைகளைக் கொஞ்சுகிறார்கள், துக்கம் விசாரிக்கிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள். அந்த அம்மா புத்திசாலி, அவள் கேட்ட கேள்வியே அதற்குச் சாட்சி. காதால் கேட்ட பேச்சை மட்டும் எழுதுங்கள். எல்லாச் சொல்லையும் உச்சரிப்புப்படி சிதைத்து எழுதத் தேவையில்லை, வரிக்கு ஒன்றிரண்டு போதும்.

முடிவைத் தேடுவது

மகள் சட்டையைக் கொண்டுபோகிறாள். தாள் மறுபடி பைக்குள். கதவைத் திறப்பது அவர் இல்லை, அவர் மனைவி. இங்கே உங்களுக்குப் பல வழிகள். உண்மையைச் சொல்லிவிடலாம். சட்டையை மட்டும் கொடுத்துவிட்டுத் தாளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். “சார் கையிலதான் குடுக்கணும்” என்று அடம் பிடிக்கலாம். ஒவ்வொன்றையும் அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள், மனதுக்குள் யோசித்தால் போதாது. மூன்றாவது எனக்குப் பிடிக்கிறது. அதில் அந்தப் பெண் ஒரு பெரியவரின் ரகசியத்தைக் காக்கிறாள், ஆனால் அந்த அடமே மனைவிக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிடும். நல்லது செய்யப்போய் சிக்கல் கூடுகிறது.

கனவு கண்டு விழிப்பது, திடீர் விபத்து, தற்கொலை, யாராவது ஒரு பெரியவர் அறிவுரை சொல்வது, இந்த நாலும் முடிவு தெரியாமல் திணறும்போது வருபவை. வந்தால் இரண்டு பக்கம் பின்னால் போய்ப் பாருங்கள், சிக்கல் அங்கேதான் இருக்கும்.

திருத்துவது

ஒரு வாரம் வரைவைத் தொடாதீர்கள். அப்புறம் எடுத்து, முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். கதை புரிகிறதென்றால் முதல் பத்தி தேவையில்லை. கடைசிப் பத்திக்கும் அதே சோதனை. ‘மிகவும்’, ‘திடீரென்று’, ‘கண்களில் நீர் ததும்ப’ போன்றவற்றைத் தேடித் தேடி அடியுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை உடைக்க வேண்டும், நாக்கு தடுக்கும் உரையாடலை மாற்ற வேண்டும்.

விவரங்களையும் சரிபாருங்கள். ஒரு உருப்படிக்கு என்ன கூலி, பெட்டிக்குக் கரியா மின்சாரமா, மழைநாளில் வண்டியை எங்கே வைப்பார்கள் என்பதை உங்கள் தெருவில் இஸ்திரி போடும் அக்காவிடம் கேளுங்கள். கதை எழுதுவதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லியே கேளுங்கள். அவருடைய பெயரையோ குடும்ப விஷயத்தையோ கதையில் வைக்காதீர்கள்.

படிக்கக் கொடுப்பது, அனுப்புவது

இரண்டு பேரிடம் கொடுங்கள், ஒருவராவது நிறையக் கதை படிப்பவராக இருக்கட்டும். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். எந்த இடத்தில் கவனம் விலகியது, மகள் ஏன் பொய் சொன்னாள் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் பேசும்போது குறுக்கிட்டு விளக்கம் சொல்லாதீர்கள். இருவரும் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த இடத்தை மாற்றி எழுதுங்கள்.

கல்லூரி ஆண்டு மலர் முதல் படி. பத்திரிகைக்கும் இணைய இதழுக்கும் அனுப்புவதென்றால் அந்த இதழின் சமீபத்திய கதைகள் சிலவற்றையாவது படித்திருக்க வேண்டும். யூனிகோடில் தட்டச்சு செய்து, சொல் எண்ணிக்கை விதியைப் பார்த்து, ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாமல் இருங்கள். மின்னஞ்சலில் கதையை விளக்கத் தேவையில்லை. பெயர், படிக்கும் கல்லூரி, தொடர்பு எண், சொந்தப் படைப்பு என்ற உறுதிமொழி போதும். பதில் வர மாதங்கள் ஆகலாம். வராமலும் போகலாம். இதழின் விதியில் சொன்ன காலக்கெடு தாண்டினால் ஒரு வரியில் தெரிவித்துவிட்டு வேறு இதழுக்கு அனுப்பலாம்.